ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பாலசுந்தரத்தின் லொட்ஜ் இருந்தது. அங்கே தங்கியிருந்தவர்கள் எல்லோரும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள். எந்த நாடு என்று மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வீசா கைக்கு வருமுன் நாட்டின் பெயரைச் சொன்னால் வீசா வராது என்பது அந்த லொட்ஜில் ஊறிப்போன நம்பிக்கை. அப்படிச் சொல்லிவிட்ட ஒருவர் இரண்டாம் மாடியில் வருடக்கணக்காக இருந்தார். புதிதாக வருபவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் அவரைக் காட்டுவார்கள்.

ஆகவே எல்லோருக்கும் அது "அந்த நாடு." "அந்த நாட்டில அரைவாசி வருசம் பனி" என்று ஒருவர் சொல்வார். "அந்த நாட்டில எங்க பனி, ஒரே வெயில்" என்று இன்னொருவர் மறுப்பார். பிறகு இருவரும் முகம் பாராமல் திரிவார்கள். இருவர் சொன்னதும் சரிதான், நாடுதான் வேறு.

நேசமலர் தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசியில் அங்கே வந்து சேர்ந்தாள். கலியாணம் முடித்த மறுவருடமே கணவன் யோகமூர்த்தி அந்த நாட்டுக்குப் போய்விட்டான். அகதி வழக்கில் வென்று, இப்போது மனைவியைக் கூப்பிட்டிருந்தான். தூதரகத்தில் நேர்முகம் ஒன்றுதான் மிச்சம். அதில் சரிவந்தால் புருஷனோடு போய்ச் சேரலாம். சரிவராவிட்டால் திரும்பிப் போக அவளுக்கு ஊரும் இல்லை. அங்கே சண்டை குடியிருந்தது. சனம் எழும்பி எங்கெங்கோ போய்விட்டது.

வந்த அன்றைக்கே பாலசுந்தரம் அவளைத் தன் மேசைக்கு முன்னால் இருத்தினார்.

"பொலிஸ் பதிவுக்கு நீர் வவுனியா. ஐடென்டியில வவுனியா எண்டுதானே கிடக்கு?"

"அது இடம்பெயர்ந்து வந்தாப்போல எடுத்தது அண்ணை. எங்கட சொந்த ஊர் முதிரைமுனை. முல்லைத்தீவுக்கு அங்கால, கடற்கரையோட..."

பாலசுந்தரம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நான் கேக்கேல்லை. எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. வவுனியாவில கடல் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப உமக்குக் கடல் தெரியாது. ஒழுங்கை முடிவில ஒண்டு தெரியுது பாரும், அதையும் கண்டு பழகின ஆள் மாதிரிப் பாக்கக்கூடாது. ஆரும் பொலிஸ் நிண்டால், 'ஐயோ, எவ்வளவு தண்ணி' எண்டமாதிரி ஒருக்கா வாயைப் பிளவும்."

இப்படியாக, சண்டை நடக்கும் ஊர்க்காரர் எல்லோரையும் சந்தேகிக்கும் பொலிசுக்கு நேசமலர் கடலே தெரியாதவள் ஆனாள். தூதரகத்துக்கோ அவள் கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவள். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாமல் இருப்பதுதான் அவளுடைய முதல் வேலையாயிற்று.

யோகமூர்த்தி ஞாயிற்றுக்கிழமையில் காலி வீதிக் கொமினிகேஷன் கடைக்குத் தொலைபேசி எடுப்பான். கண்ணாடிக் கூட்டுக்குள் வேர்த்து வழிய நின்று அவள் கதைப்பாள். அந்த ஞாயிறு அவன் குரலில் ஒரு பதற்றம் இருந்தது.

"மலர், ஒண்டு சொல்ல மறந்துபோனன். இங்க என்ர வழக்கு விசாரிக்கேக்க அவங்களிட்ட எங்கட ஊர்ப் படம் ஒண்டு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில அளந்து கீறின படம். மரம் ஏத்திற ட்ரொலி லைன் இருக்கோ எண்டாங்கள். ஓம் எண்டன். மர ஆலை இருக்கோ எண்டாங்கள். ஓம் எண்டன். வாடிவீடு?"

"எங்கட ஊரில எங்கயப்பா வாடிவீடு?"

"படத்தில இருக்கு! இல்லையெண்டால் நீ அந்த ஊர் இல்லையெண்டு எழுதிப்போடுவாங்களே. எல்லாத்துக்கும் ஓம் எண்டுட்டன். உன்னட்டயும் அதைத்தான் கேப்பாங்கள். நீயும் ஓம் எண்டு சொல்லு, விளங்கிச்சோ? கடைசியா வீடு எங்கயெண்டு கையை வைச்சுக் காட்டச் சொன்னவங்கள். நான்..."

இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவன் எடுக்கவில்லை. அவள் எடுத்தபோது அறைக்காரன் ஒருவன், யோகன் வேறு பட்டினத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், கண்டால் சொல்கிறேன் என்றான். அவன் சொன்னதாகத் தெரியவில்லை.

லொட்ஜில் நேர்முகம் சம்பந்தமான எந்தச் சிக்கலும் கௌரியிடம்தான் போகும். கௌரிக்கு நாற்பது தாண்டவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆங்கில வகுப்பு நடத்தியவள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அவளுக்கு வீசா மூன்றுமுறை மறுக்கப்பட்டிருந்தது. அதனாலேயே அவளுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. ஒரே தடவையில் வீசா கிடைத்தவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் போய்விடுகிறார்கள். மூன்றுதரம் தோற்றவளுக்குத்தானே மூன்று தரத்துக் கேள்விகளும் தெரியும்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு கௌரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.

"அப்ப அந்தப் படம் எங்களுக்கு வேணும்."

"படம் என்னத்துக்கு அக்கா? ஊர் எனக்குத் தெரியுந்தானே."

"உனக்குத் தெரிஞ்ச ஊரை ஆர் கேட்டது? அவையளுக்குத் தெரிஞ்ச ஊரைத்தானே கேக்கப்போகினம்."

நில அளவைக் கந்தோரில் அந்தப் பக்கத்துப் படம் வாங்குவது அந்த நாட்களில் நடக்கிற காரியம் இல்லை. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். தமிழ்ப் பெயரோடு போய் அனுமதி கேட்டால் படம் கிடைக்காது, வேறு ஏதாவது கிடைக்கும். கௌரி கொட்டாஞ்சேனைக்குப் போனாள். நேசமலரும் கூடப் போனாள்.

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட் என்பவர் சாமிப் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தார். முன்பக்கத்தில் மாதாவும் முருகனும். பின்பக்கத்தில், வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய படங்கள், வரைபடங்கள். உல்லாசப் பயணிகள் வாங்கிப்போய் வீட்டில் மாட்டுவார்கள். யுத்தம் தொடங்கியபிறகு உல்லாசப் பயணி குறைந்து, படங்களில் தூசி கூடியிருந்தது.

"முல்லைத்தீவுக் கரையா?" ஹியூபேட் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியபடியே நெடுநேரம் தேடி, ஒரு பெரிய தாளை உருவி எடுத்தார். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று அடியில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அளந்த ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.

நேசமலர் குனிந்து பார்த்தாள். தாள் முழுக்கப் பச்சை. பச்சைக்குள்ளே நூல்போல ஒரு கறுப்புக் கோடு நெளிந்து வந்து கரையில் முடிந்தது. அது ட்ரொலி லைன். கோடு முடிகிற இடத்தில் குட்டிக் கட்டம். அது மர ஆலை. அதற்குப் பக்கத்தில் வாடிவீடு, வெள்ளைக்கார உத்தியோகத்தர் வந்து தங்கும் விடுதி. அதற்கப்பால் நீலம். தன் ஊருக்கு இவ்வளவு அழகான நிறங்கள் இருந்ததை அவள் அன்றுதான் அறிந்தாள்.

"சுருட்டித் தாங்கோ, ஒரு பாய் வாங்கி அதுக்குள்ள வைச்சுக் கொண்டுபோறம்" என்றாள் கௌரி.

"ஐயோ மிஸ், சுருட்டிக்கொண்டு போனா உங்களையும் சுருட்டிக்கொண்டு போயிருவானுங்க." ஹியூபேட் கையை உதறினார். "பிரேம் போட்டுத் தாரேன். கண்ணாடி போட்டு, தங்கக்கலர்ல பீடிங் வச்சு. பிரேமுக்குள்ள இருந்தா அது ஷோ பீஸ். வெளிய எடுத்தாத்தான் மெப். நா இந்தத் தொழில்ல எத்தின வருஷம் இருக்கேன், சொல்லுங்க."

பிரேம் போட்டதும் அது ஒரு சின்ன மேசையளவுக்கு வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கோட்டையில் இறங்கி, காலி வீதி பஸ்ஸில் ஏறினார்கள். பஸ்ஸுக்குள் அது எல்லோருடைய முழங்காலிலும் இடித்தது. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். இருவரும் கல்யாண ஊர்வலத்தில் சீர்வரிசை கொண்டுபோவது போலப் படத்தைச் சுமந்து வரிசையில் போனார்கள்.

இளம் ஆமிக்காரன் ஒருவன் படத்தைக் கண்டான். "மொகக்த மே?" இது என்ன என்று கேட்டான்.

"பின்தூரயக் மஹத்தயா" என்றாள் கௌரி. படம்தான் ஐயா. அவளுடைய சிங்களம் கடைச் சிங்களம். மரக்கறி வாங்க மட்டும் போதும்.

அவன் கண்ணாடியில் விரல் வைத்துத் தடவினான். இது எந்த இடம் என்றான். அவன் விரல் நின்ற இடத்துக்குச் சற்று மேலே, எறும்பளவு எழுத்தில், அவளுடைய ஊரின் பெயர் இருந்தது.

கௌரி கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வந்த முதல் தேசத்தைச் சொன்னாள்.

"எங்கலந்தே."

"ஷா!" ஆமிக்காரன் முகம் மலர்ந்தது. இங்கிலாந்து இவ்வளவு பச்சையா என்று பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனும் வந்து பார்த்தான். இருவருமாக அந்தக் காட்டையும் கடற்கரையையும் கொஞ்சநேரம் ஆசையோடு பார்த்தார்கள். அந்தக் கடற்கரைக்குத்தான் அவர்களுக்கு அடுத்த மாதம் மாற்றம் வந்தாலும் வரும்; அது அவர்களுக்குத் தெரியாது. போகச் சொல்லிக் கையைக் காட்டினார்கள்.

"பாத்தியே, நீ இங்கிலாந்துக்காரி" என்றாள் கௌரி பஸ்ஸில் ஏறியதும்.

லொட்ஜில் படத்தைக் கூடத்திலேயே, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், பாலசுந்தரம் மாட்டுவித்தார். ஒளித்து வைத்தால்தான் பிழை, மாட்டினால் அலங்காரம் என்பது அவருடைய கட்சி. அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலையும் போட்டார். பதிவு பார்க்க வந்த பொலிஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஆர் செத்தது என்று மட்டும் விசாரித்தார்.

பின்னேரங்களில் படம் மொட்டைமாடிக்கு ஏறும். அங்கே காயப்போட்ட சாரங்களுக்கும் சீலைகளுக்கும் நடுவில் ஒத்திகை நடந்தது. கௌரி தூதரக அதிகாரி. மொழிபெயர்ப்பாளர் காளியப்பன். அவன் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்காரன். லொட்ஜின் கீழ்த்தட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தான். மனைவி சீனியம்மா இன்னும் தோட்டத்தில்தான் இருந்தாள். அவளுடைய அண்ணன் அந்த நாட்டில், அதாவது இன்னொரு அந்த நாட்டில் இருந்து இருவரையும் கூப்பிட்டிருந்தான். அடுத்த மாதம் அவர்களுக்கும் நேர்முகம். அதனால் பழக்கம் வரட்டும் என்று அவன் ரொட்டித் தட்டை இறக்கிவைத்துவிட்டு ஓடி வருவான்.

"உங்கள் ஊரில் காடு இருக்கிறதா?" கௌரி ஆங்கிலத்தில் கேட்பாள்.

"காடு இருக்கான்னு கேக்குறாங்க" என்பான் காளியப்பன்.

"எங்க அக்கா காடு? ஒரு பாலைமரம் நிண்டது. அதுவும் வைரவர் கோயிலுக்குள்ள நிண்டபடியாத் தப்பினது."

"படத்தில என்ன நிறம்?"

"பச்சை."

"பச்சையெண்டால்?"

"காடு" என்பாள் நேசமலர், தோற்ற குரலில்.

உண்மையில் அந்தக் காட்டை எல்லோரும் வெட்டியிருந்தார்கள். முதலில் வெள்ளைக்காரன் முதிரையையும் கருங்காலியையும் வெட்டிக் கப்பலில் ஏற்றினான். பிறகு அரசாங்கம், பிறகு ஒப்பந்தக்காரர். சண்டை வந்ததும் ஆமி றோட்டின் இரண்டு பக்கத்தையும் மொட்டையடித்தது, ஒளிந்திருப்பார்கள் என்று. இயக்கம் மிச்சத்தைத் தறித்தது, பங்கருக்கு வேண்டும் என்று. சனம் அடுப்புக்கு வெட்டியது. ஒவ்வொருவரும் மற்றவன்தான் வெட்டினான் என்றார்கள். படத்தில் மட்டும் ஒருவரும் கைவைக்கவில்லை.

"ட்ரொலி லைன்?"

"பள்ளிக்கூடத்தில மணிக்குப் பதிலாத் தண்டவாளத் துண்டொண்டு தொங்கினது. அதுதான் அதின்ர மிச்சமெண்டு..."

"அதைச் சொல்லப்படாது! லைன் உடைஞ்சு போச்செண்டு ஆகிடும். யோகன் இருக்கெண்டு சொல்லியிருக்கிறார். நீ துண்டு துண்டாக்காத." கௌரி அடுத்த கேள்விக்குப் போனாள்.

"மர ஆலை?"

"துருப்பிடிச்ச பெரிய கொதிகலன் ஒண்டு பத்தைக்குள்ள கிடந்தது. ஆடு குட்டி போடும் அதுக்குள்ள."

"என்ர சித்தப்பா அந்த ஆலையில வேலை செய்தவர். சொல்லு."

"என்ர சித்தப்பா..." நேசமலருக்குச் சிரிப்பு வந்தது. "அவர் ஒரு இடத்திலயும் வேலை செய்யேல்லை அக்கா. அதுதான் அவரைப் பற்றி ஊரில கதையே."

"அப்ப ஆலையில வேலை செய்யாமல் இருந்தவரெண்டு சொல்லு. ஆலை இருந்தால் சரி."

நாளடைவில் நேசமலருக்கு எல்லாம் பாடமாயிற்று. அதைவிட மோசமாக, அந்த ஊர் அவளுக்குப் பிடித்தும் போயிற்று. கண்ணை மூடினால் பச்சைக்குள்ளே ட்ரொலி ஓடியது. ஆலை ஊதியது. வாடிவீட்டு வாசலில் பூ இருந்தது. அந்த ஊரில் ஒருவரும் சாகவில்லை. ஒருவரும் மூட்டை கட்டவில்லை. சாப்பாட்டுக்கடையில் இருந்து அவள் அதைக் காளியப்பனுக்குச் சொல்வாள். "ட்ரொலி வரேக்க பெடியள் பின்னால தொத்திக்கொண்டு..." என்று தொடங்கி, தான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கி நிறுத்திவிடுவாள். ஒருநாள் தன் வீட்டுக் கிணற்றடியை நினைத்துப் பார்க்க முயன்றாள். அதற்குப் பின்னாலும் பச்சைதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

சிக்கல் கடைசிக் கேள்வியில் வந்தது.

"உன்ர வீடு எங்க? கையை வை."

நேசமலர் ஆற்று முகத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்தி, நிறுத்தினாள். விரல் நீலத்தில் நின்றது.

காளியப்பனும் குனிந்து பார்த்தான்.

"பிள்ளை, அது கடல்" என்றாள் கௌரி.

"ஓம் அக்கா. இதில ஆத்துவாய் இந்தப் பக்கம் கிடக்கு. எங்கட காலத்தில அது அடைபட்டு அங்கால போட்டுது. அதால இதில மணல் ஏறி, பெரிய திடலா வந்தது. அதிலதான் எங்கட குடியிருப்பு. வெள்ளைக்காரன் அளக்கேக்க அதில தண்ணி."

"வெள்ளைக்காரன் தண்ணியெண்டு சொன்ன இடத்தில நீ அடுப்பு மூட்டினனெண்டு சொல்லப்போறியோ?" கௌரி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "கடலுக்குள்ள வீடு வைச்சிருக்கிறவளுக்கு ஆர் வீசா தருவான்? நீ என்ன, சுறாவோ? இஞ்ச வை. வாடிவீட்டுக்குப் பக்கத்தில. நல்ல இடம், காத்து வரும்."

ஏணிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்த பாலசுந்தரமும் வாடிவீட்டுப் பக்கத்தையே ஆதரித்தார். "மரியாதையான அயல்" என்றார்.

"அவர் எங்க கையை வைச்சாரோ தெரியேல்லையே அண்ணை" என்றாள் நேசமலர். "அதைச் சொல்லேக்கதான் லைன் போனது. ரெண்டு பேரும் ரெண்டு இடத்தில வைச்சால்?"

"எல்லாத்துக்கும் ஓம் எண்ட மனிசன் வீட்டை மட்டும் கொண்டுபோய்க் கடலுக்குள்ளயோ வைச்சிருப்பார்?" என்றாள் கௌரி. "கட்டாயம் கரையிலதான். கரையில வீடு வைக்கிற மாதிரி இடம் வாடிவீட்டுப் பக்கந்தான். கணக்கு நேராத்தானே வருது."

கணக்கு நேராகத்தான் வந்தது. நேசமலர் அன்றிலிருந்து வாடிவீட்டுக்குப் பக்கத்தில் விரல் வைத்துப் பழகினாள். கேட்டவுடன் விரல் போய் அங்கே குந்தும்படி, சாப்பிடும்போதும், பல்லுத் தீட்டும்போதும் காளியப்பன் "வீடு எங்கங்க?" என்று திடீரெனக் கேட்பான். அவள் காற்றிலே ஓர் இடத்தைக் குத்துவாள். "அம்புட்டுத்தான், வீசா வந்திருச்சு" என்பான்.

நேர்முகத்தன்று காலை லொட்ஜே திரண்டு வாசலில் நின்றது. இரண்டாம் மாடிக்காரரை மட்டும் சகுனத்துக்காக அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

தூதரகத்தில் குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது. அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். மூக்கு வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய தமிழர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர். அவர் பட்டிமன்றத்துக்கு வந்தவரைப் போலக் கதைத்தார்.

"அம்மணி, தாங்கள் தங்கள் பிறந்தகத்தில் தண்டவாளப் பாதை எதையேனும் கண்ணுற்றதுண்டா?"

நேசமலர் ஒருகணம் விழித்தாள். பிறகு, "ஓம்" என்றாள். "மரம் ஏத்திற ட்ரொலி லைன்."

"மர ஆலை?"

"ஓம்."

"பயணியர் தங்கும் விடுதி?"

"ஓம்."

அதிகாரி தலையைத் தூக்காமலே ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுக்கொண்டு போனாள். வீட்டுச் சாமானுக்குத் துண்டு எழுதுகிறவளின் முகம் அது. பிறகு ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

அதே படம்தான். ஆனால் போட்டோக்கொப்பி. பச்சை இல்லை, நீலம் இல்லை. காடும் வெள்ளை, கடலும் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் மயிர்போல ஒரு கோடு மட்டும். மொட்டைமாடியில் அவள் காதலித்த ஊர் அதில் இல்லை. நிறமெல்லாம் போய், அவள் கடைசியாக விட்டுவிட்டு வந்தபோது கிடந்த ஊரைப்போல அது மொட்டையாகக் கிடந்தது.

"தங்கள் இல்லம் அமைந்திருந்த இடத்தைச் சுட்டுவிரலால் சுட்டுக."

விரல் பழக்கதோஷத்தில் வாடிவீட்டை நோக்கிக் கிளம்பிவிட்டது. பாதி வழியில் நேசமலர் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

யோகன் எங்கே வைத்திருப்பான்? அவன் வாயை அவளுக்குத் தெரியும். அந்த வாய் யாருக்கும் இல்லை என்று சொல்லாது. ஆனால் அவன் கையையும் அவளுக்குத் தெரியும். கோயில் மடத்தில் முந்நூற்றுநாலு சீட்டு விளையாடும்போது வாயால் எவ்வளவு புளுகினாலும், துரும்பு எங்கே இருக்கிறது என்று அவன் கை காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே அவனைத் தங்கள் பக்கத்தில் சேர்க்க ஊரில் ஒருவரும் விரும்பியதில்லை. வாய் ட்ரொலி லைனுக்கு ஓம் சொல்லும். வீட்டைக் காட்டு என்றால் கை வீட்டுக்குத்தான் போகும்.

போகாவிட்டால்? கௌரியின் கணக்குச் சரியாக இருந்தால்? இந்த ஒரு விரலால், பிரிந்திருந்த ஐந்து வருடம் பத்து வருடமாகும்.

அவள் ஆற்றுமுகத்தைத் தேடினாள். அங்கிருந்து நகர்ந்தாள். கோட்டைத் தாண்டி, வெள்ளைக்குள் விரலை வைத்தாள்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, அது சமுத்திரம்."

"ஓம்."

"நிலப்பரப்பு இப்புறம் உள்ளது."

"ஓம் ஐயா. வீடு அதிலதான்."

அவர் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, தனக்கும் இவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போலத் தோளை ஒதுக்கிக்கொண்டார். அதிகாரி முதல்தடவையாகத் தலையைத் தூக்கி நேசமலரைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். பேனாவைக் கொடுத்து, அந்த இடத்தில் பெருக்கல் அடையாளம்போல ஒரு புள்ளடி போடச் சொன்னாள். நேசமலர் போட்டாள்.

அதிகாரி கோப்பைத் திறந்து பின்பக்கத்திலிருந்து இன்னொரு தாளை உருவினாள். அதுவும் அதே படத்தின் கொப்பி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு புள்ளடியும் கடலுக்கு நடுவில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன.

அவள் சிரித்தாள். ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு தமிழ்ப்படுத்தினார்.

"தங்கள் கணவரும் சமுத்திரத்தில்தான் இல்லத்தை நிறுவியிருக்கிறார். தாங்கள் இருவருமே வரைபடம் வாசிக்க அறியாதவர்கள் என்று அம்மையார் கருதுகிறார். ஆயினும், இருவரும் மிகச்சரியாக ஒரே இடத்தில் தவறியிருப்பதால், தாங்கள் மெய்யாகவே கணவன் மனைவி என்பதில் அவருக்கு ஐயமில்லை."

"பிழை இல்லை ஐயா, அது மணல்திட்டி..." நேசமலர் வாயெடுத்தாள். திடலில் நின்ற வீடும், வேலியும், கிணற்றடியும், அதற்குப் பின்னால் சரியான நிறத்தில் வெளித்த வானமும் ஒன்றாக அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. சொன்னால் அதிகாரிக்கு விளங்கலாம். விளங்கினால் ட்ரொலி லைன் என்னவாகும், ஆலை என்னவாகும், ஓம் ஓம் என்று சொன்ன யோகன் என்னவாவான்?

"ஏதேனும் கூற விழைகிறீர்களா?"

"இல்லை" என்றாள். "எனக்குப் படம் பாக்கத் தெரியாது."

நேர்முகத்தில் தேறியவர்களுக்கு மட்டும் கொடுக்கும் மருத்துவச் சோதனைத் துண்டை அவளுக்கும் கொடுத்தார்கள். வெளியே வந்து, மதிலோரம் நின்று, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள். வீசா மறுத்துவிட்டார்கள் என்று நினைத்து, அங்கே நின்ற ஒரு கிழவர் தோடம்பழ இனிப்பு ஒன்றை எடுத்து நீட்டினார்.

லொட்ஜில் செய்தி கேட்டதும் ஒரே அமளி. பாலசுந்தரம் தன் லொட்ஜின் ராசி என்றார். கௌரி மட்டும் ஒரு மூலையில் இருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தன் கணக்கு எங்கே பிழைத்தது என்று யோசிக்கிறாள் என்று நேசமலர் நினைத்தாள். ஆனால் கௌரி தன் பிழைகளுக்கு அவ்வளவு நேரம் செலவழிக்கிறவள் அல்ல. பின்னேரமாவதற்குள் அவளுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது.

மறுநாள் நேசமலர் காய்ந்த உடுப்பு எடுக்க மாடிக்கு ஏறினாள். அங்கே காளியப்பன் ஒரு பள்ளிக்கூடத் தேசப்பட நூலுக்கு முன்னால் குந்தியிருந்தான். கௌரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எதிரில் நின்றாள்.

"வீடு எங்க?"

"இங்கங்க அக்கா. ஹட்டனுக்கு மேல, இந்த மலையில."

"கடலில வை."

"அக்கா, நம்ம தோட்டத்துல கடலே இல்லீங்க. நா கடலப் பாத்ததே இங்க வந்துதான்."

"தரையில வைச்ச எனக்கு மூண்டுதரம் இல்லையெண்டவங்கள். கடலில வைச்சவளுக்கு ஒரே தரத்தில குடுத்தவங்கள். உனக்கு ஏன் விளங்குதில்லை? அவைக்கு அதிலதான் ஒரு நம்பிக்கை வருது."

"மலையில இருந்து கடலுக்கு எப்புடிங்க..."

"இது தீவு, காளியப்பன். எந்தப் பக்கம் போனாலும் கடல்தானே. வை கையை."

காளியப்பன் விரலை மலைக்கு மேலே தூக்கி, கிழக்கே கொண்டுபோய், மேற்கே கொண்டுவந்து, அந்தரத்தில் பிடித்தபடி நேசமலரைப் பார்த்தான்.

"நீங்க பாஸானவங்க, சொல்லுங்க அக்கா. எந்தக் கடல்ல வைக்க?"

நேசமலர் கொடியிலிருந்த சீலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எதிலயெண்டாலும் வையுங்கோ. ஆனா சீனியம்மாவுக்கும் இப்பவே சொல்லிப்போடுங்கோ, எந்த இடமெண்டு."

காளியப்பன் அவளையும் கௌரியையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு தேசப்பட நூலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மனைவிக்கு எடுக்கக் கொமினிகேஷன் கடைக்கு ஓடினான்.